மாஸ்டரின் பல பிறவிகள்: 'டாக்டர் ஹூ' வில்லனை எந்த வரிசையில் பார்ப்பது?

முதலிலிருந்து பார்த்தே தீருவேன் பேர்வழி என்று 1963-இன் கறுப்பு வெள்ளைப் பாகங்களில் இறங்கி, மாஸ்டர் வருவதற்குள் களைத்துப்போனவர்களில் நானும் ஒருவன். அவன் முதன்முதலில் தலைகாட்டுவதே எட்டாவது சீசனில், 1971 ஜனவரியில். அதற்குள் நாயகனான டாக்டர் மூன்றாவது முகத்துக்கு வந்துவிட்டார். பிபிசியின் இந்தத் தொடரை முழுக்கப் பார்க்க ஆயுசு வேண்டும். ஆனால் மாஸ்டரின் கதையை மட்டும் தனியே உருவி எடுத்தால் ஒன்றிரண்டு மாத வார இறுதிகளில் முடித்துவிடலாம். கீழே உள்ள வரிசை ஒளிபரப்பான வரிசை அல்ல. ஏன் மாற்றினேன் என்று அங்கங்கே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. யார் எந்த வேடத்தில் வருகிறான் என்று சொல்லாமல் இதை எழுத முடியாது. அதிர்ச்சி கெடக் கூடாது என்று நினைப்பவர்கள் 'யூட்டோபியா' என்ற பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, அதையும் அடுத்த இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

படி 1: சட்டை உரிப்பது வேறு, கூடு பாய்வது வேறு

டாக்டரும் மாஸ்டரும் காலிஃப்ரே என்ற கிரகத்தின் டைம் லார்டுகள், அதாவது காலத்தில் பயணம் செய்யத் தெரிந்த இனத்தவர். சிறுவயதுத் தோழர்கள். இருவரும் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள்தான். ஒருவர் பிரபஞ்சத்தைச் சுற்றிப் பார்க்க ஓடினார், மற்றவன் அதை ஆள ஓடினான்.

டைம் லார்டு சாகும் தறுவாயில் தன் உடம்பையே புதுப்பித்துக்கொள்வான். முகமும் குணமும் மாறும், நினைவு தொடரும். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. 1966-இல் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெலின் உடல்நிலை சரியில்லாமல் போனபோது, தொடரை நிறுத்தாமல் ஆளை மாற்றக் கண்டுபிடித்த உபாயம் இது. பத்து வருடம் கழித்து அதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: 12 முறைதான் உரிக்கலாம், மொத்தம் 13 உடம்பு. அந்த வரம்பு டாக்டருக்காக வந்ததல்ல. மாஸ்டரின் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று காட்டத்தான் வந்தது.

கணக்குத் தீர்ந்த பிறகு அவன் செய்வதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: கூடுவிட்டுக் கூடு பாய்தல். விக்கிரமாதித்தன் கதையில் ராஜா உயிர் போன கிளியின் உடம்புக்குள் புகுவான். மாஸ்டருக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. உயிரோடு இருப்பவனை விரட்டிவிட்டுத்தான் குடியேறுவான்.

ஒவ்வொரு மாஸ்டரைப் பார்க்கும்போதும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த உடம்பு எப்படிக் கிடைத்தது? இந்த உடம்பில் இருக்கும்போது அவனுக்கு டாக்டரிடமிருந்து என்ன வேண்டும்? முதல் கேள்விக்குப் பதில் கதைக்குக் கதை மாறும், சில சமயம் பதிலே வராது. இரண்டாவதுக்கு எனக்குத் தெரிந்து ஒரே பதில்தான், அதை வேறுவேறு நடிகர்கள் வேறுவேறு விதமாக ஒளித்துவைக்கிறார்கள்.

படி 2: நடுவில் தொடங்குங்கள் (2007)

'யூட்டோபியா', 'தி சவுண்ட் ஆஃப் டிரம்ஸ்', 'லாஸ்ட் ஆஃப் தி டைம் லார்ட்ஸ்'. மூன்றும் சேர்ந்து ஒரே கதை. டாக்டர் டேவிட் டென்னன்ட். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம், ஒரு பெரிய போரில் டைம் லார்டுகள் அழிந்துவிட்டார்கள், தான் ஒருவரே மிச்சம் என்று டாக்டர் நம்புகிறார் என்பது போதும்.

காலத்தின் கடைசியில், பிரபஞ்சமே அணைந்துகொண்டிருக்கிற நேரத்தில், யானா என்ற தள்ளாத விஞ்ஞானி எஞ்சிய மனிதர்களை ஒரு ராக்கெட்டில் ஏற்றிக் காப்பாற்றப் பார்க்கிறார். டெரக் ஜேக்கபி நடிக்கிறார். அவ்வளவு நல்ல மனிதர். தலைக்குள் ஓயாமல் முரசுச் சத்தம் கேட்கிறது என்று மட்டும் சொல்வார். அவரிடம் ஒரு பழைய சட்டைப்பை கடிகாரம் இருக்கிறது. அதைத் திறக்க வேண்டும் என்று அவருக்கு இதுவரை தோன்றியதே இல்லை. திறக்கும் இடத்தில் ஜேக்கபி முகத்தில் ஒரு தசைகூட அதிகம் அசையாது, ஆனால் ஆளே வேறு. அந்தக் கடிகாரத்திலிருந்து சில குரல்கள் கசியும். இப்போது அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், காதில் போட்டு வையுங்கள்.

போருக்குப் பயந்து, தன் நினைவையெல்லாம் கடிகாரத்தில் பூட்டிவிட்டு மனிதனாக ஒளிந்திருந்த மாஸ்டர் அவர். டைம் லார்டுகள் போரில் சண்டையிடுவதற்காகவே அவனுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள் என்பது பின்னால் தெரிகிறது. முதல் கேள்விக்கு இங்கே பதில்: தானமாக வந்த உடம்பு. ஜேக்கபி மாஸ்டராக இருப்பது சில நிமிடங்கள்தான். குண்டடிபட்டு உருமாறி ஜான் சிம் ஆகிறான்.

சிம்மின் மாஸ்டர் ஹெரால்டு சாக்சன் என்ற பெயரில் பிரிட்டனின் பிரதமராகி, பதவியேற்ற அன்றே தன் அமைச்சரவையை விஷவாயு வைத்துக் கொல்கிறான். டென்னன்ட்டின் டாக்டர் இளமை, துள்ளல், வாய் ஓயாத பேச்சு. அதையெல்லாம் எடுத்து அன்பை மட்டும் கழித்தால் சிம். மாஸ்டர் வேடத்துக்கு ஆள் எடுப்பதில் இந்தத் தொடர் பின்பற்றும் விதியே இதுதான்: அந்தந்த டாக்டருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி.

மூன்றாம் பாகத்தின் முடிவில் சுடப்பட்ட மாஸ்டர், டாக்டரின் கைகளில் கிடந்தபடி, உருமாற மாட்டேன் என்று மறுத்துவிடுகிறான். டாக்டர் கெஞ்சுகிறார், அழுகிறார். இவ்வளவு அழ அவர்களுக்குள் அப்படி என்ன இருந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பின்னால் போகப் போகிறோம்.

படி 3: அசல் (1971–1973)

தயாரிப்பாளர் பாரி லெட்ஸும் கதைப் பிரிவைக் கவனித்த டெரன்ஸ் டிக்ஸும் யோசித்தது சுலபமான கணக்கு: டாக்டர் ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் என்றால் அவருக்கொரு மோரியார்ட்டி வேண்டும். டாக்டருக்குப் பட்டம் பெயராக இருப்பதுபோல இவனுக்கும் ஒரு பட்டம். வேடம் ரோஜர் டெல்காடோவுக்குப் போனது. கறுப்புச் சட்டை, கூர்மையான தாடி, மிருதுவான குரல், எதிராளியை வசியம் செய்யும் பார்வை. மற்ற மாஸ்டர்களை 'அவன்' என்று எழுதும் எனக்கு டெல்காடோவை மட்டும் 'அவர்' என்றுதான் வாய் வருகிறது. ஆளைக் கொல்வதற்கு முன்பும் மரியாதை குறையாத மனிதர்.

1971 சீசனில் ஐந்து கதைகள், ஐந்திலும் இவர்தான் வில்லன். மொத்தம் 25 பாகங்கள். எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். வாராவாரம் அதே ஆள் வெளிப்படுவதில் சுவாரசியம் குறைந்துபோகிறது. இந்த மூன்று போதும்.

'டெரர் ஆஃப் தி ஆட்டான்ஸ்': அறிமுகக் கதை. பிளாஸ்டிக் நாற்காலி ஒரு ஆளை விழுங்கும், தொலைபேசிக் கம்பி கழுத்தை நெரிக்கும், போலீஸ்காரரின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே முகமே இருக்காது. குழந்தைகளை இந்த அளவுக்குப் பயமுறுத்தலாமா என்று அப்போதே சண்டை எழுந்தது. ஆட்களைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிக் கொல்லும் பழக்கமும் இங்கேதான் தொடங்குகிறது.

'தி டீமன்ஸ்': ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில் பாதிரியார் வேடம். பெயர் மாஜிஸ்டர், அதாவது லத்தீனில் மாஸ்டர். இந்தப் புனைபெயர் விளையாட்டு அவனை விடாத வியாதி. அடுத்த வருடம் தாஸ்காலிஸ் என்று கிரேக்கத்தில் வைத்துக்கொள்கிறான். 1983-இல் 'எஸ்ட்ராம்' என்று எழுத்துகளைக் கலைத்துப் போடுகிறான். 'மிஸ்டர் சாக்சன்' என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'ஆறாம் மாஸ்டர்' என்று வரும். ஒளிந்துகொள்ள நினைப்பவன் இப்படியெல்லாம் பெயர் வைப்பானா? கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதுதான் ஆசை. அதுவும் ஒரே ஒருவரால்.

'தி சீ டெவில்ஸ்' (1972): மூன்றில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். மாஸ்டர் ஒரு தீவுச் சிறையில் இருக்கிறார். டாக்டர் போய்ப் பார்க்கிறார். சாக்கு, சிறையின் காவலைச் சரிபார்ப்பது. திரும்பும் வழியில் உடன் வந்த ஜோவிடம், ஒரு காலத்தில் அவன் என் நண்பன், மிக நல்ல நண்பன் என்கிறார். வேறொரு காட்சியில் மாஸ்டர் அறையில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் 'கிளாங்கர்ஸ்' என்ற குழந்தைகள் பொம்மைத் தொடரை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். 2007-இல் சிம் 'டெலிடபீஸ்' பார்த்துக்கொண்டிருந்தானே, அது இதற்கு வைத்த வணக்கம். பிறகு இருவரும் வாள் வீசிச் சண்டை போடுகிறார்கள். சண்டை நடுவே டாக்டர் மாஸ்டரின் சாண்ட்விச்சை எடுத்து ஒரு கடி கடிக்கிறார். பகைவர்கள் இப்படிச் சண்டை போடுவதில்லை.

டாக்டராக நடித்த ஜான் பெர்ட்வீயும் டெல்காடோவும் நிஜ வாழ்க்கையிலும் நண்பர்கள். மாஸ்டரின் கதையை ஒரு கடைசி மோதலில் முடித்துவைக்கும் திட்டம் இருந்தது. 1973 ஜூன் 18 அன்று துருக்கியில் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் கார் விபத்தில் டெல்காடோ இறந்துபோனார். அவர் கடைசியாக வந்த 'ஃப்ரான்டியர் இன் ஸ்பேஸ்' கதையில் விடைபெறும் காட்சி என்று ஒன்றே இல்லை. ஒரு கூட்டக் குழப்பத்தில் காணாமல் போகிறார், அவ்வளவுதான். அடுத்த வருடம் பெர்ட்வீயும் தொடரைவிட்டுப் போனார்.

படி 4: எலும்புக்கூடு (1976)

'தி டெட்லி அசாசின்', நான்கு பாகம், எழுதியவர் ராபர்ட் ஹோம்ஸ். டெல்காடோவின் இடத்தில் இன்னொரு அழகனை நிறுத்தினால் எடுபடாது என்று தெரிந்து, எதிர்த்திசையில் போனார்கள். இந்த மாஸ்டர் அழுகிப்போன உடம்பு, துருத்திய கண்கள், அங்கி போட்ட பிணம். 13 உடம்பும் தீர்ந்துவிட்டது. வெறுப்பு ஒன்றே அவனை நிற்கவைத்திருக்கிறது. நடித்த பீட்டர் பிராட் மேடை இசைநாடகப் பாடகர். அந்தக் குரலைத் தடித்த முகமூடிக்குள் அடைத்தது வருத்தம்தான்.

மூன்றாம் பாகம் டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்த நிலையில் உறைந்து முடியும். ஒழுக்கப் பிரசாரகர் மேரி வொயிட்ஹவுஸ் கடுமையாக எதிர்த்தார், பிபிசி பிறகு அந்தக் காட்சியை வெட்டியது. காலிஃப்ரேயின் சம்பிரதாயங்கள், மேட்ரிக்ஸ் என்ற நினைவுக் கிடங்கு, 12 முறை வரம்பு எல்லாம் இந்த ஒரே கதையில் பிறந்தவை. இங்கே மாஸ்டருக்கு வேண்டியது உயிர். டாக்டரைச் சிக்கவைப்பது கூடுதல் சந்தோஷம்.

படி 5: திருடிய முகம் (1981–1989)

'தி கீப்பர் ஆஃப் டிராக்கன்', 'லோகோபோலிஸ்', 'காஸ்ட்ரோவால்வா'. மூன்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். முதலாவதில் அதே அழுகிய மாஸ்டர், இப்போது ஜெஃப்ரி பீவர்ஸ், ஒரு சிலைக்குள் ஒளிந்திருக்கிறான். மூன்றாம் டாக்டரின் தோழி லிஸ் ஷாவாக நடித்த கரோலின் ஜானின் கணவர் இவர். குரல் வெண்ணெய் மாதிரி, முகம் தீய்ந்த மரம் மாதிரி. கதை முடிந்தது என்று நாம் எழுந்திருக்கும் நேரத்தில், டிரெமாஸ் என்ற நல்ல மனிதரின் உடம்பை எடுத்துக்கொள்கிறான். அந்தப் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் பாருங்கள்.

இனி அந்த முகம் ஆண்டனி ஐன்லியுடையது. டிரெமாஸின் மகள் நீஸா டாக்டரோடு பயணம் செய்யத் தொடங்குகிறாள். அடுத்த கதையிலேயே அவளுடைய கிரகத்தை மாஸ்டர் அழித்துவிடுகிறான். அப்பாவின் முகத்தைப் போட்டுக்கொண்டு ஒருவன் அப்பாவின் ஊரைக் கொளுத்துகிறான். இந்தத் தொடர் எழுதிய கொடூரங்களிலேயே பெரியது இதுதான் என்பேன். அதை அவர்கள் சில வசனங்களோடு கடந்துபோனதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. 'லோகோபோலிஸ்' முடிவில் டாம் பேக்கரின் டாக்டர் ரேடியோ தொலைநோக்கிக் கோபுரத்திலிருந்து விழுந்து உருமாறுகிறார்.

அதன் பிறகு ஐன்லிக்கு வாய்த்தவை பெரும்பாலும் சுமாரான கதைகள். 'டைம் ஃப்ளைட்' வேண்டாம், என் பேச்சைக் கேளுங்கள். 'தி கிங்ஸ் டீமன்ஸ்' இரண்டே பாகம்: 1215-இல் போலி ஜான் மன்னனை வைத்து மாக்னா கார்ட்டாவைக் கெடுக்கப் பார்க்கிறான். பிரபஞ்சத்தை ஆள நினைத்தவனுக்கு இது பேட்டைச் சண்டை. இந்தக் கதைகளில் ஐன்லியின் வேடத்தை மறைக்க, நடிகர் பட்டியலில் எழுத்துகளை மாற்றி அடுக்கிச் செய்த பெயரில் இல்லாத ஆளாகப் போட்டார்கள். கதையைவிட அது சுவாரசியம். 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' (1983) பார்க்கலாம். டாக்டரைக் காப்பாற்றினால் புது உடம்புகள் தருகிறோம் என்று டைம் லார்டுகள் அவனைத் தூது அனுப்புகிறார்கள், உதவத்தான் வந்தேன் என்று இவன் சொல்வதை ஒரு டாக்டரும் நம்புவதில்லை.

நேராக 'சர்வைவல்' (1989) போய்விடுங்கள். பழைய தொடரின் கடைசிக் கதை. வேடமில்லை, கெக்கலிப்பு இல்லை. சிறுத்தை மனிதர்களின் கிரகத்தில் சிக்கி, தானும் மிருகமாகிக்கொண்டிருப்பதை உணர்கிற மாஸ்டர். மஞ்சள் கண்கள், கோரைப்பல். ஐன்லிக்கு முதல் நாளிலிருந்தே இப்படி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஏங்கவைக்கிற நடிப்பு.

படி 6: சான் பிரான்சிஸ்கோ, விருப்பமிருந்தால் (1996)

அமெரிக்கத் தயாரிப்பில் வந்த தொலைக்காட்சிப் படம். டாக்டரின் பழைய எதிரிகளான டேலெக்குகள் மாஸ்டருக்கு மரண தண்டனை கொடுக்கின்றன, மிச்சத்திலிருந்து பாம்பு வடிவில் நழுவி ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவரின் வாய்க்குள் புகுகிறான். எரிக் ராபர்ட்ஸ். ரசிக்கலாம், மதிக்க முடியாது. பால் மெக்கானின் டாக்டருக்காக ஒரு முறை பாருங்கள்.

படி 7: முரசு யார் அடித்தது? (2009–2010)

'தி எண்ட் ஆஃப் டைம்', இரண்டு பாகம், கிறிஸ்துமஸ் அன்றும் புத்தாண்டு அன்றும் வந்தது. சிம் திரும்புகிறான், இந்த முறை உடம்பு அரைகுறையாகப் பிறந்து தீராப் பசியோடு. பூமியில் உள்ள ஒவ்வொரு மனிதனையும் தன் நகலாக்குகிறான். பக்கத்து வீட்டுக்காரன், அமெரிக்க ஜனாதிபதி எல்லாம் சிம். அபத்தம்தான். ஆனால் பழைய குப்பைமேட்டில் இருவரும் உட்கார்ந்து சிறுவயதுப் புல்வெளிகளைப் பற்றிப் பேசும் காட்சிக்காக எதையும் பொறுக்கலாம். அவன் தலைக்குள் கேட்ட நான்கு அடி முரசு பைத்தியம் அல்ல, அவன் சின்னப் பையனாக இருந்தபோது டைம் லார்டுகளே தங்கள் தேவைக்காக வைத்தது என்று தெரிகிறது. கடைசியில் அவர்களைத் தாக்கி டாக்டரைக் காப்பாற்றுவது மாஸ்டர்.

இந்த விளக்கம் தேவையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. டெல்காடோவுக்கு முரசு தேவைப்படவில்லை.

படி 8: மிஸ்ஸி (2014–2017)

அவசரப்படாமல் பாருங்கள். 'டார்க் வாட்டர்', 'டெத் இன் ஹெவன்' முதலில். மேரி பாப்பின்ஸ் மாதிரி தொப்பியும் குடையுமாக ஒரு பெண். அவள்தான் மாஸ்டர், பெண் பாலில் மிஸ்ட்ரஸ், சுருக்கி மிஸ்ஸி. மிஷெல் கோமஸ். முக்கியமான டைம் லார்டு பாத்திரம் ஒன்று ஆணிலிருந்து பெண்ணாவதைத் தொடர் முதலில் காட்டியது டாக்டரில் அல்ல, இங்கேதான். ஜோடி விட்டேக்கர் டாக்டராக வர மூன்று வருடம் இருந்தது.

பூமியில் இறந்தவர்களையெல்லாம் சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்களாக எழுப்பி, அந்தப் படையை டாக்டருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறாள். நீயும் நானும் ஒன்றுதான் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும், பழைய நண்பன் திரும்ப வேண்டும், அதற்கு ஒரு படை. இரண்டாவது கேள்வியின் பதிலை 43 வருடம் கழித்து ஒருத்தி ஒளிக்காமல் வாய்விட்டுச் சொல்கிறாள்.

பிறகு 2017 சீசன். பிரிஸ்டல் பல்கலைக்கழகம் ஒன்றின் அடியில் ஒரு பெட்டகத்தில் அவளைப் பூட்டி, பீட்டர் கபால்டியின் டாக்டர் காவல் காக்கிறார். திருத்திவிட முடியும் என்ற நம்பிக்கை. 'வேர்ல்டு இனஃப் அண்ட் டைம்', 'தி டாக்டர் ஃபால்ஸ்' இரண்டும் மாஸ்டர் கதைகளிலேயே உச்சம். கருந்துளை அருகே நிற்கும் 400 மைல் நீளக் கப்பல். மேல்தளத்தில் நிமிடங்கள் நகர, கீழ்த்தளத்தில் வருடங்கள் ஓடுகின்றன. அங்கே வேடமிட்டுக் காத்திருப்பவன் ஜான் சிம். தொலைக்காட்சியில் முதன்முறையாக இரண்டு மாஸ்டர்கள் எதிரெதிரே.

மிஸ்ஸி டாக்டரின் பக்கம் நிற்கத் தீர்மானிக்கிறாள். தன் பழைய உருவைக் கத்தியால் குத்துகிறாள், அவன் உருமாறித் தானாக வரட்டும் என்று. அவனோ அவளை முதுகில் சுடுகிறான், உருமாறவே முடியாதபடி. டாக்டர் பக்கம் நிற்பதைவிடச் செத்துப்போவது மேல். இருவரும் சிரிக்கிறார்கள். அவள் திருந்தினாள் என்பது டாக்டருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தக் காட்டில் பார்க்க யாரும் இல்லை, நம்மைத் தவிர.

படி 9: கோபம் (2020–2022)

'ஸ்பைஃபால்' முதல் பாகத்தின் கடைசி நிமிடங்களில், ஓ என்ற பெயர் கொண்ட கூச்ச சுபாவ உளவுத்துறைக்காரன் மாஸ்டராகிறான். சச்சா தவான், இந்திய வம்சாவளிப் பிரிட்டிஷ் நடிகர். தொடரின் முதல் கதையை 1963-இல் இயக்கிய, லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைனாக 2013-இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தவரும் இவரே.

மிஸ்ஸி எப்படிப் பிழைத்தாள், இவன் எப்படி வந்தான் என்று தொடர் சொல்லவில்லை. உங்கள் குறிப்பேட்டில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். தவானின் மாஸ்டர் காலிஃப்ரேயையே எரித்துவிட்டு வந்தவன். பேச்சிலும் கண்ணிலும் அழுகையை அடக்கிய வெறி. எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இரண்டாம் பாகத்தில், 1943 பாரிஸில் அவன் நாஜி அதிகாரியாகத் திரிய உதவும் மறைப்புக் கருவியைக் கெடுத்து, அவன் பழுப்பு நிறத்தை நாஜிகளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு டாக்டர் தப்புவது உறுத்துகிறது. அதுவும் நாஜிகளுக்கு எதிராகப் பாரிஸில் வேலை செய்த இந்திய வம்சாவளி உளவாளி நூர் இனாயத் கான் ஒரு பாத்திரமாக வரும் கதையில். எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

'தி டைம்லெஸ் சில்ட்ரன்' சுற்றி வளைத்த விளக்கங்கள் நிறைந்தது, இவனுக்காகச் சகிக்கலாம். பிபிசியின் நூற்றாண்டுச் சிறப்பாக 2022 அக்டோபர் 23 அன்று வந்த 'தி பவர் ஆஃப் தி டாக்டர்' கட்டாயம். ரஸ்புடின் வேடத்தில் ஆடுகிறான். 'லோகோபோலிஸ்' கதையில் தன் அத்தையை மாஸ்டரிடம் பறிகொடுத்த டீகன் இதில் மறுபடி வருகிறாள். இந்தக் கதையில் அவன் கேட்பது நட்போ ஆட்சியோ அல்ல. டாக்டராகவே ஆகிவிட வேண்டும். பழைய ஆசை, முற்றிப்போன வடிவில்.

படி 10: பல்

'தி கிகிள்' (2023). தோற்றுப்போன மாஸ்டரைத் தன் தங்கப்பல்லுக்குள் அடைத்துவிட்டதாக டாய்மேக்கர் என்ற வேறொரு வில்லன் பெருமையடிக்கிறான். அவன் வீழ்ந்ததும் பல் தரையில் கிடக்கிறது, சிவப்பு நகப்பூச்சு பூசிய ஒரு கை அதை எடுத்துக்கொள்கிறது. 2007-இல் சிதையின் சாம்பலிலிருந்து சிம்மின் மோதிரத்தை எடுத்ததும் இப்படியொரு கைதான்.

இன்னும் பசி அடங்கவில்லை என்றால் பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஒலி நாடகங்கள் இருக்கின்றன. சில நிமிடங்களே மாஸ்டராக இருந்த ஜேக்கபிக்கு 'வார் மாஸ்டர்' என்று ஒரு தனி வரிசையே உண்டு. பீவர்ஸின் குரலுக்கும் அங்கேதான் நியாயம் கிடைத்தது.

அப்புறம் ஒரு இரவு 'யூட்டோபியா'வை மறுபடி போடுங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யானா தடுமாறும்போது, உள்ளேயிருந்து மிருதுவாகக் கட்டளையிடும் குரல் டெல்காடோவுடையது. அதோடு கேட்கிற அந்தச் சிரிப்பு ஐன்லி.